முப்பது பைட்டில் அடங்காத கச்சேரி

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோன் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து பாடினார். மூன்று நிமிடப் பாட்டு முடிகிற இடத்தில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்தினார். பதிவான மெழுகுத்தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் இசைத்தட்டாக அச்சாக வேண்டும். பாடியவர் யாரென்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய அதுவே வழி. இன்று கணினியில் ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் உட்கார்ந்திருக்கும் 'டேக்' என்ற குறிப்புச்சீட்டுக்கு இதைத்தான் பூர்வீகம் என்பேன். பாட்டு எந்த ஊருக்குப் போனாலும் அதற்கு உரியவரின் பெயரும் கூடவே போயாக வேண்டும்.

குரலில் இருந்த சீட்டு சீக்கிரமே காகிதத்துக்கு மாறியது. தட்டின் நடுவே ஒட்டிய வட்ட லேபிளில் பாட்டு, ராகம், தாளம், பாடியவர் என்று அச்சடித்தார்கள். எல்.பி. உறையின் பின்பக்கத்தில் வயலினும் மிருதங்கமும் யாரென்பதும் வந்து சேர்ந்தது. அப்புறம் கேசட் காலம். ரேடியோவில் வந்த கச்சேரியைப் பிடித்து வைத்த ரசிகர்கள் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் ஜிஎன்பி, எல்ஜிஜே, பிஎம்ஐ என்று மூன்று மூன்று எழுத்தாகக் குறித்தார்கள். எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது போதும். அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும் பேத்திக்குப் போதாது.

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒலிக்கு ஏகப்பட்ட இடம், பாட்டின் பெயருக்கு மட்டும் இடமில்லை. கணினியில் போட்டால் 'டிராக் 1, டிராக் 2' என்றுதான் காட்டும். 90களில் வந்த சிடிடிபி என்ற தரவுத்தளம், தட்டில் ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு இது இன்ன தட்டு என்று கண்டுபிடித்தது. பெயர்களை உள்ளிட்டவர்கள் அந்தந்தத் தட்டை வாங்கிய ரசிகர்கள்.

எம்பி3 கோப்புக்கும் அதே குறைதான். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் அதற்கு ஒரு வழி செய்தார். கோப்பின் கடைசியில் 128 பைட் ஒட்டினார். முதல் மூன்று பைட்டில் 'டேக்' என்ற மூன்று ஆங்கில எழுத்து. பாட்டுக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. இதன் பெயர் ஐடி3. கௌஹர் ஜான் பெயர் சொன்ன அதே இடத்தில், பாட்டின் வாலில், இது உட்கார்ந்தது தற்செயல்தான் என்றாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

30 பைட் என்றால் ஆங்கிலத்தில் 30 எழுத்து. இன்றைய யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தி' என்ற ஓரெழுத்தே 'த'வும் கொக்கியுமாக இரண்டு குறி. அந்தக் கணக்கில் 'தியாகராஜர்' பத்துக் குறி, சரியாக 30 பைட். பெட்டி நிறைந்துவிட்டது. முத்துஸ்வாமி தீட்சிதரோ 'முத்துஸ்வா'வோடு நின்றுவிடுவார். இசை வகைக்கென்று கொடுத்த முதல் பட்டியலில் 80 பெயர்கள். ராக், டிஸ்கோ, போல்கா எல்லாம் உண்டு. கர்நாடக சங்கீதம் கிடையாது. 32ஆம் எண்ணில் 'கிளாசிக்கல்' என்று ஒன்று இருந்தது, அதில்தான் பீத்தோவனோடு நாமும் ஒண்டிக்கொண்டோம்.

எண்ணிக்கையை விட எனக்கு உறுத்துவது அந்தச் சீட்டின் மனசு. ஒரு பாடகர், ஒரு பாட்டு, ஒரு ஆல்பம் என்று அது உலகத்தைப் பார்த்தது. ராகத்துக்குப் பெட்டி இல்லை. மிருதங்கக்காரருக்குப் பெட்டி இல்லை. 78 சுழற்சித் தட்டின் லேபிள் சொன்ன சங்கதியைக்கூட இது சொல்லவில்லை. எம்பி3யாகக் கைமாறிக் கைமாறி வந்த எத்தனையோ கச்சேரிகளில் பாடியவர் மட்டும் மிஞ்சினார். கூட உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் வாசித்தவர்கள் பெயரில்லாதவர்களாகிப் போனார்கள். அந்த ஆலாபனைக்கு வயலினில் பதில் சொன்னது யார், தனி ஆவர்த்தனம் யாருடையது என்று கேட்டால் கோப்புக்குப் பதில் தெரியாது. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

1998இல் ஐடி3யின் இரண்டாம் பதிப்பு வந்தபோது சீட்டு வாலிலிருந்து தலைக்கு வந்தது. நீளக் கட்டுப்பாடு போயிற்று, யூனிகோடும் நுழைந்தது. 2000இல் வந்த 2.4இல் இசைக்கலைஞர் பட்டியல் என்றே ஒரு பகுதி உண்டு: வாத்தியம், வாசித்தவர், வாத்தியம், வாசித்தவர் என்று ஜோடி ஜோடியாக எழுதலாம். நம் பக்கவாத்தியத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பிளேயர்கள் அதைத் திரையில் காட்டுவதில்லை. ஆகவே அங்கேயும் எழுதி, எல்லாரும் பார்க்கிற குறிப்புப் பெட்டியிலும் எழுதிவிடுவது என் வழக்கம்.

இதற்கெல்லாம் எம்பி3டேக் போன்ற ஒரு மென்பொருள் போதும். கோப்பின் பெயர் '03 - ப்ரோவ பாரமா - பஹுதாரி - ஆதி' என்று இருந்தால், எண், பாட்டு, ராகம், தாளம் என்ற வரிசையை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். ஒரு ஃபோல்டர் முழுக்க உரிய பெட்டிகளில் தானே பிரித்துப் போட்டுவிடும். இல்லாத பெட்டியை நாமே திறந்துகொள்ளலாம். நான் ராகத்தோடு, தாய் ராக வரிசையில் அதற்குள்ள மேளகர்த்தா எண்ணுக்கும் ஒன்று திறந்திருக்கிறேன். ஒருவர் சண்முகப்ரியா என்று எழுதியிருப்பார், தீட்சிதர் வழியில் வந்தவர் அதே ராகத்தைச் சாமரம் என்று எழுதியிருப்பார்; 56 என்று தேடினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். கரகரப்ரியாவை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினாலும் 22 மாறாது.

சுருக்கெழுத்தை விரித்து எழுதுவது இன்னும் முக்கியம். 'மணி ஐயர்' என்று மட்டும் போட்டால் பாட்டில் மதுரை மணி ஐயரும் மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். இரண்டு பேரும் பிறந்தது 1912இல். இருவரும் சங்கீத கலாநிதி. கணினி பாவம், அதற்கு எப்படித் தெரியும்?

2000இல் தொடங்கிய மியூசிக்பிரைன்ஸ் என்ற பொதுத் தரவுத்தளம் இந்தச் சிக்கலை வேரில் பிடித்தது. அதில் கிருதி வேறு, அதை ஒருவர் ஒரு மேடையில் பாடிய பதிவு வேறு. ஒவ்வொரு பதிவிலும் யார் எந்த வாத்தியம் என்று தனித்தனியே இணைக்கலாம். 2011இல் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் ஷாவியர் செர்ரா தலைமையில் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், சென்னை ஐஐடியையும் சேர்த்துக்கொண்டு, கர்நாடகப் பதிவுகளை அதில் முறையாக ஏற்றியது. ராகமும் தாளமும் அங்கே பெயர் பெற்றன. ஒரு கஷ்டம் மட்டும் பாக்கி: நம் கச்சேரியில் பாதி, யாரும் இயற்றாதது. அரைமணித் தோடி ஆலாபனையை எந்தக் கிருதியோடு கட்டுவது? பதிவின் மேலேயே ராகத்தை எழுத வேண்டியிருக்கிறது.

மேற்கத்திய செவ்வியல் ரசிகர்களும் இதே பாடு பட்டவர்கள்தான். சிம்பொனியின் நான்கு பகுதிகளும் நான்கு 'பாட்டு'களாகச் சிதறிக் கிடந்தன. ஐட்யூன்ஸில் படைப்பு, பகுதி என்ற பெட்டிகள் வர 2016 ஆயிற்று. செவ்வியல் இசைக்கென்று ஆப்பிள் தனிச் செயலி கொண்டுவந்தது 2023இல்தான்.

வீட்டில் கேசட்டைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூலப் பிரதியை ஃபிளாக் என்ற கோப்பு வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயரில் வேண்டுமானாலும் பெட்டி திறக்க அது இடம் கொடுக்கும். வேறு வடிவத்துக்கு மாற்றும்போது நாமே திறந்த பெட்டிகள் உதிர்ந்துபோவதுண்டு, மாற்றிய பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள். கேசட் அட்டையைத் தூக்கிப் போடாமல் படமெடுத்துக் கோப்புக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள், அதற்கும் இடமுண்டு. புதுக் கச்சேரிகளை இணையத்தில் விற்கும் நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா வாசித்தவர்களின் பெயரை அட்டைப் படத்தில் பொடி எழுத்தில் போட்டு நிறுத்தாமல், தேடினால் கிடைக்கும்படி சீட்டுக்குள் எழுதிக் கொடுங்கள்.