அவுரி நீலத்தின் வரலாறு

சம்பாரண் சத்தியாக்கிரகத்தை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அனிலீன் என்னும் பொருளை இரசாயனப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இவ்விரண்டும் ஒரே கதையைச் சேர்ந்தவை. நான் வரலாறு கற்பித்த நாட்களில் முன்னதை மட்டும் சொல்லி முடித்துவிடுவேன். பின்னது அடுத்த வகுப்பறை ஆசிரியரின் பொறுப்பு என்று விட்டுவிட்டேன். அந்தக் குறையை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

அவுரி ஒரு சிறு செடி. அதன் பச்சை இலையைப் பார்ப்பவர் யாரும் அதற்குள் நீலம் இருப்பதாக எண்ணமாட்டார். அறுத்த செடிகளைக் கட்டுக் கட்டாகத் தொட்டியில் இட்டு, நீர் நிரப்பி ஊறவைப்பார்கள். நீர் புளித்து மஞ்சள் கலந்த பச்சையாகும். அதனைக் கீழ்த்தொட்டியில் இறக்கியபின், ஆட்கள் இடுப்பளவு நீரில் நின்று கோல்களால் அடித்துக் கலக்குவார்கள். இலையிலிருந்து கரைந்து வந்த நிறமற்ற பொருள் அப்பொழுது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி நீலமாகி அடியில் படியும். அவ்வண்டலைக் காய்ச்சி, பிழிந்து, கட்டிகளாக அறுத்து உலர்த்தினால் சரக்கு ஆயத்தம். பழைய கிரேக்கர் இதனை 'இந்தியப் பொருள்' என்றே அழைத்தனர். இண்டிகோ என்ற சொல் அதிலிருந்து வந்ததே. நீலம் என்ற நம் நாட்டுச் சொல்லோ அராபியர் வாய்ப்பட்டு 'அனில்' ஆயிற்று. 1826 இல் உன்வெர்டோர்பன் என்ற ஜெர்மானியர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெய்த் திரவம் எடுத்தார். அதற்கு நிலைத்த பெயர்தான் அனிலீன்.

இத்துணை அழகிய நிறத்தின் பின்னே பெருந்துயரம் இருந்தது. வங்காளத்தில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் உழவருக்கு முன்பணம் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரியை விதைக்கச் செய்தனர். ஒருமுறை முன்பணம் பெற்றவன் அக்கடனிலிருந்து மீள்வது அரிது. 1859 இல் உழவர்கள் அவுரி விதைக்க மறுத்து எழுந்தனர். மறு ஆண்டில் அரசாங்கம் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. அதே ஆண்டில் தீனபந்து மித்ரர் 'நீல தர்ப்பணம்' என்ற நாடகத்தை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் 1861 இல் ஒரு மாதம் சிறையிருந்தார். அவருக்கு விதித்த ஆயிரம் ரூபாய் அபராதத்தை ஒரு வங்காளியே கட்டினார் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

வங்காளத்தில் தளர்ந்த தொழில் பீகாரில் நிலைத்தது. அங்கே சம்பாரண் மாவட்டத்தில் குடியானவன் ஒவ்வொரு பிகா நிலத்திலும், இருபது கத்தாவுக்கு மூன்று கத்தா வீதம், அவுரி விதைத்தே தீரவேண்டும். தீன்கத்தியா என்பது இம்முறையின் பெயர்.

இதற்கிடையே ஜெர்மனியில் அடால்ஃப் பையர் என்ற பேராசிரியர் நீலத்தின் இரகசியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1880 இல் அதனைச் செயற்கையாக ஆக்கினார். 1883 இல் அதன் அமைப்பையும் கண்டார். 1905 இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது. ஆனால் அவர் முறையில் செய்த நீலம் செடியின் நீலத்தைவிட விலை மிகுந்தது, வணிகத்துக்கு உதவவில்லை. ஹாய்மன் 1890 இல் வேறு வழி கண்டபின், ரைன் நதிக்கரையில் லுட்விக்ஸ்ஹாஃபனிலிருந்த பி.ஏ.எஸ்.எஃப். தொழிலகம் நிலக்கரித் தாரில் கிடைக்கும் நாப்தலீனிலிருந்து தொடங்கியது. முதற்படியிலேயே வேலை தடைப்பட்டது. வினை மிக மெதுவாக நடந்தது. ஒருநாள் வெப்பமானி ஒன்று உடைந்து பாதரசம் கலவைக்குள் சிந்தியது. வினை விரைந்து நிறைவேறியது! உடைந்த கருவிக்காக வருந்தாமல், விரைவுக்குக் காரணம் யாதென்று ஆராய்ந்தார்களே, அதைத்தான் நான் பெரிதும் போற்றுவேன். 1897 இல் செயற்கை நீலம் கடைக்கு வந்தது. அவ்வாண்டில் உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன். 1914 இல் அது சுமார் 1,000 டன்னாகச் சுருங்கியது.

அவுரி ஒழிந்தால் குடியானவன் விடுதலை பெறவேண்டுமன்றோ? நடந்தது வேறு. சந்தை வீழ்ந்ததைக் கண்ட தோட்ட முதலாளிகள், "இனி நீ அவுரி விதைக்க வேண்டா, அதற்கு ஈடாகப் பணம் கொடு" என்று கேட்டனர். சிலரிடம் மொத்தத் தொகை வாங்கினர். சிலருக்குக் குத்தகையை உயர்த்தினர். ஜெர்மானியத் தொழிலகத்தால் நேர்ந்த நட்டம், அத்தொழிலகத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாத ஏழையின் தலையில் விழுந்தது. 1914 இல் போர் மூண்டு ஜெர்மன் சாயம் வருவது நின்றதும் அவுரிக்கு மீண்டும் விலை ஏறியது. முதலாளிகளின் கண்ணும் மீண்டும் அவுரியின் பக்கம் திரும்பியது.

ராஜ்குமார் சுக்லா என்ற குடியானவர் விடாமல் அழைத்ததன்பேரில் காந்தியடிகள் 1917 ஏப்ரலில் அங்கே சென்றார். மாவட்டத்தை விட்டு வெளியேற மறுத்து, மோதிஹாரி நீதிமன்றத்தில் நின்றார். பின்னர் அமைந்த விசாரணைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். வாங்கிய ஈட்டுத்தொகையில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பித் தர ஒப்புதல் ஏற்பட்டது. தொகை சிறிதுதான், முதலாளி திருப்பித் தந்தான் என்பதே அவ்வூரார் அதுவரை காணாத புதுமை. 1918 இல் வந்த சம்பாரண் நிலச் சட்டம் தீன்கத்தியா முறையை ஒழித்தது.

அதே ஆண்டின் இறுதியில் போரும் முடிந்தது. செயற்கை நீலம் மீண்டும் சந்தையை நிறைத்தது. இன்று அதிற் பெரும்பகுதி இளைஞர் அணியும் ஜீன்ஸ் துணிக்கே செல்கிறது. செடியின் நீலமும் ஆலையின் நீலமும் இரசாயன அமைப்பில் ஒன்றே. நம் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் சில உழவர் அவுரி பயிரிடுகின்றனர்.