கோபே துறைமுகத் தீர்மானம், 1975

ஜப்பானின் கோபே நகர மன்றம் 1975 மார்ச் 18 அன்று ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அணுஆயுதம் ஏந்திய எந்தக் கப்பலும் கோபே துறைமுகத்தில் நுழையக் கூடாது என்பதே அதன் சாரம். நாட்டின் பாதுகாப்புக் கொள்கை பற்றி ஒரு நகர மன்றம் பேசலாமா என்ற கேள்விக்கு இத்தீர்மானத்தின் வரலாறு தெளிவான ஒரு விடையைத் தருகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோபே துறைமுகத்தின் ஒரு பகுதி அமெரிக்கப் படையின் பயன்பாட்டில் இருந்தது. கொரியப் போரின்போதும் வியட்நாம் போரின்போதும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அங்கு வந்து போயின. 1974இல் அப்பகுதி நகருக்குத் திரும்பக் கிடைத்தது.

அணுஆயுதத்தை வைத்திருப்பதில்லை, உருவாக்குவதில்லை, நாட்டிற்குள் அனுமதிப்பதில்லை என்னும் மூன்று கோட்பாடுகளைப் பிரதமர் எய்சாகு சாடோ 1967இல் நாடாளுமன்றத்தில் அறிவித்திருந்தார். 1974ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டில், ஓய்வுபெற்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜீன் லாராக், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அணுஆயுதம் ஏந்தும் கப்பல்கள் ஜப்பான் போன்ற நாடுகளின் துறைமுகங்களுக்குச் செல்லும்போது அவற்றை இறக்கி வைத்துவிட்டுச் செல்வதில்லை என்றார் அவர்.

ஆயுதங்களைக் கொண்டுவருவதானால் அமெரிக்கா முன்கூட்டியே தம்மிடம் கலந்து பேச வேண்டும், அப்படி எதுவும் பேசாததால் ஆயுதங்கள் வரவில்லை என்பதே ஜப்பான் அரசின் வாதம். துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த மக்களுக்கு இந்த விடை போதவில்லை.

தீர்மானம் செயல்பட்ட விதம்

ஜப்பானின் 1950ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டம், துறைமுக நிர்வாகத்தை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்திருந்தது. எந்தக் கப்பல் எந்தத் துறையில் நிற்கலாம் என்று முடிவு செய்வது கோபே நகர நிர்வாகத்தின் அன்றாட வேலை. எனவே தீர்மானத்திற்குப் பின், வெளிநாட்டுப் போர்க்கப்பல் வர விரும்பினால் அதில் அணுஆயுதம் இல்லை என்ற சான்றைத் தர வேண்டும் என்று நகரம் கேட்டது. இதுவே பின்னர் ‘கோபே முறை’ எனப் பெயர் பெற்றது.

தன் கப்பலில் அணுஆயுதம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கடற்படையின் கொள்கை. ஆகவே அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கோபேக்கு வருவது நின்றது.

எதிர்ப்பும் வரம்பும்

குடிநீர், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றைக் கவனிக்கவே நகர மன்றத்தை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஒவ்வொரு நகரமும் தனித்தனி வெளியுறவுக் கொள்கை வகுத்தால் நாடு என்னாவது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. 1999இல் கோச்சி மாகாணம் இதே முறையை உள்ளூர்ச் சட்டமாக்க முயன்றபோது, வெளியுறவு நடுவண் அரசுக்கே உரியது என்று ஜப்பான் அரசு மறுத்தது. அம்முயற்சி நிறைவேறவில்லை.

எனினும், கோபே புதிய கொள்கை எதையும் வகுக்கவில்லை. நடுவண் அரசு தானே அறிவித்த கொள்கை தன் துறைமுகத்தில் உண்மையாகவே பின்பற்றப்படுகிறதா என்பதற்குச் சான்று கேட்டது. 2010இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் அமைத்த வல்லுநர் குழு, அணுஆயுதக் கப்பல்கள் வந்துபோவதை முன்கலந்தாய்வின்றி விட்டுவிடும் மறைமுக உடன்பாடு பனிப்போர்க் காலத்தில் இரு அரசுகளுக்கும் இடையே இருந்ததைக் கண்டறிந்தது. நகரத்தின் ஐயம் வீணானதல்ல என்பது 35 ஆண்டுகளுக்குப் பின் உறுதியானது.

பிரிட்டனில் ஓர் ஒப்பீடு

பிரிட்டனின் மான்செஸ்டர் நகர மன்றம் 1980 நவம்பரில் தன்னை ‘அணுஆயுதமற்ற நகரம்’ என்று அறிவித்தது. பல மன்றங்கள் அதைப் பின்பற்றின. அவ்வறிவிப்புகளால் ஓர் ஏவுகணைகூடக் குறையவில்லை. ஆனால் குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகை உள்ளாட்சிகளின் பொறுப்பாக இருந்தது. 1982இல் நடத்தத் திட்டமிட்ட நாடளாவிய ஒத்திகையில் பங்கேற்கப் பல மன்றங்கள் மறுத்ததால் அரசு அதைக் கைவிட நேர்ந்தது. மறு ஆண்டே புதிய விதிகளைக் கொண்டுவந்து அவ்வேலையை மன்றங்களின் கட்டாயக் கடமையாக்கியது.

மதிப்பீடு

இரு நாடுகளின் அனுபவமும் ஒன்றையே காட்டுகின்றன. தன் கையில் உள்ள பொறுப்பைப் பற்றி நகர மன்றம் பேசும்போது அதன் தீர்மானத்திற்கு வலு உண்டு. அப்பொறுப்பைத் தொடாத தீர்மானம் கருத்து அறிவிப்பாகவே நிற்கும். அந்த வலுவும் நிலையானதன்று. 2025 மார்ச்சில், தீர்மானம் நிறைவேறி 50 ஆண்டுகள் ஆன வேளையில், அமெரிக்கக் கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்று சான்று தராமலேயே கோபே துறைமுகத்தில் நுழைந்தது. தீர்மானம் இன்றும் நீக்கப்படவில்லை. அது இனி எவ்வளவு பொருள்படும் என்பது, சான்றைக் கேட்பதில் நகர நிர்வாகம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.