நண்பர் கேட்டால்: 1993 மே மாதத்துப் பிரான்சு

பிரெஞ்சுக் காலத்துப் பழக்கம் விடாத நம்மூர்க்காரர் நாலு பேர் கூடி, தொண்ணூறுகளின் பிரான்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு 1998 ஜூலை 12-இல் போய் நிற்கும். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரேசிலுக்கு எதிராக மூன்று கோல். அதில் இரண்டு சிதான் தலையால் முட்டியவை. அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்களின் மகன், கானாவில் பிறந்தவர், குவாதலூப்பில் பிறந்தவர், நியூ கலிடோனியாக்காரர் எல்லோரும் ஒரே நீலச் சட்டையில் நின்று கோப்பையைத் தூக்கினார்கள். அது நல்ல நினைவுதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பத்தாண்டைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், ஐந்து வருடம் முன்னால் போய் 1993 மே மாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அரசியல், குற்றம், விளையாட்டு மூன்றும் அந்த ஒரே மாதத்தில் வந்து மோதின. அப்போது நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பிரெஞ்சுப் பத்திரிகைகள் பல நாள் தாமதமாக, மொத்தமாக வந்து சேரும். அதனால் அந்த மாதத்துச் செய்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துப் படிக்கும்படி ஆயிற்று. தனித்தனியாகப் படித்தவர்களுக்குத் தெரியாத ஒரு தொடர்பு அந்த அடுக்கில் தெரிந்தது.

முதலில் மே 1. தொழிலாளர் தினம். முன்னாள் பிரதமர் பியேர் பெரெகொவுவா, தான் மேயராக இருந்த நெவேர் நகரில், கால்வாய்க் கரையில், தன் மெய்க்காவலரின் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொண்டார். அன்று இரவே உயிர் போயிற்று.

அவர் உக்ரைனிலிருந்து வந்து குடியேறியவரின் மகன். பதினாறு வயதில் ஆலைத் தொழிலாளி. பிரான்சில் மந்திரிகளை உற்பத்தி செய்யும் பெரிய பள்ளிகள் எதிலும் படிக்காமல், படிப்படியாக ஏறி நிதி மந்திரியாகி, 1992 ஏப்ரலில் பிரதமரானவர். பதவியேற்றதும் நாடாளுமன்றத்தில் பேசிய முதல் பேச்சிலேயே, ஊழலை ஒழித்துக்கட்டப் போவதாகச் சொன்னார். பத்து மாதம் கழித்து, அவரைப் பற்றியே ஒரு செய்தி வெளிவந்தது. 1986-இல் பாரீசில் ஒரு அடுக்ககம் வாங்குவதற்காக, ரொழே-பத்ரீஸ் பெலா என்ற பணக்காரரிடமிருந்து 10 லட்சம் பிராங்க் வட்டியில்லாமல் கடன் வாங்கியிருந்தார். பெலா, குடியரசுத் தலைவர் மித்தரானின் நெருங்கிய நண்பர். பின்னாளில் ஒரு பங்குச் சந்தை முறைகேட்டில் குற்றம் சாட்டப்பட்டவர்.

கடன் வாங்கிய வேளையில் பெரெகொவுவா மந்திரியாக இல்லை. பத்திரம் நொத்தேர் முன்னிலையில் முறையாக எழுதப்பட்டது. சட்டப்படி அவர்மீது வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் கடனில் பாதியைப் பழைய மேசை நாற்காலிகளும் பழம்புத்தகங்களும் கொடுத்து அடைத்ததாக அவர் தரப்பில் சொன்னபோது, நாடே கேலி செய்தது. மார்ச் மாதத் தேர்தலில் 577 இடங்களில் சோசலிஸ்ட் கட்சிக்கு 60 கூடக் கிடைக்கவில்லை. தோல்விக்குத் தாமே காரணம் என்று மனம் குமைந்தார். நெவேரில் நடந்த இறுதிச் சடங்கில், ஒரு மனிதரின் மானத்தை நாய்களுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று மித்தரான் கோபமாகப் பேசியது அந்நாளில் பெரிய விவாதமாயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து, மே 13. பாரீசை ஒட்டிய நெய்யி என்ற செல்வர்கள் வாழும் ஊரில், ஒரு மழலையர் பள்ளிக்குள் முகமூடி அணிந்த ஆள் ஒருவன் இடுப்பில் வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு நுழைந்தான். 21 குழந்தைகளையும் ஆசிரியையையும் பிடித்து வைத்துக்கொண்டு, 10 கோடி பிராங்க் கேட்டான். தொழிலில் நொடித்து, வேலையும் இல்லாமல் போனவன். அந்த ஆண்டுதான் பிரான்சில் வேலையில்லாதோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. ஊர் மேயர் நிக்கோலா சர்க்கோசி நேரில் உள்ளே போய்ப் பேசி, குழந்தைகளைச் சிலர் சிலராக மீட்டு வந்தார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த நாடு அவர் முகத்தை மறக்கவில்லை. 14 வருடம் கழித்து அவர் குடியரசுத் தலைவரானார். ஆசிரியையோ கடைசி வரைக்கும் குழந்தைகளை விட்டு நகரவில்லை. மே 15 காலை காவல்துறையின் சிறப்புப் படை உள்ளே புகுந்து அவனைச் சுட்டுக் கொன்றது. குழந்தைகள் அனைவரும் தப்பினார்கள்.

இது எல்லோருக்கும் சட்டென்று புரிகிற குற்றம். முகமூடி, வெடிகுண்டு, பிணைப்பணம். யார் கெட்டவன், யார் நல்லவர் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அடுத்து வந்தது அப்படிப்பட்டதல்ல.

மே 20. வடக்கே, வலான்சியென் என்ற ஊரில் ஒரு கால்பந்து லீக் ஆட்டம். உள்ளூர் அணி, முதல் பிரிவிலிருந்து இறங்கிவிடாமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்தது. எதிரே ஒலிம்பிக் தெ மர்சேய், நாட்டிலேயே பலமான அணி. ஆறு நாள் கழித்து மே 26-இல், மூனிக்கில் மிலான் அணியோடு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் அவர்களுக்கு இருந்தது. அதற்குள் ஆட்டக்காரர் யாருக்கும் அடிபடக் கூடாது, லீக் பட்டமும் கைவிட்டுப் போகக் கூடாது.

மர்சேய் அணியின் தலைவர் பெர்னார் தாப்பி. பாரீசில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நொடித்த கம்பெனிகளை வாங்கி விற்றுப் பணம் சேர்த்தவர். அடிதாஸ் கம்பெனியையே வாங்கியவர். நாடாளுமன்ற உறுப்பினர். வாய்ச்சொல்லில் லெப்பென் போன்றவர்களையே மேடையில் எதிர்த்து நின்றவர். அவரை மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டது வேறு யாருமல்ல, பெரெகொவுவாதான்.

ஆட்டத்துக்கு முந்தின இரவு, மர்சேய் வீரர் ழான்-ழாக் எய்தெலி, வலான்சியென் அணியினர் தங்கியிருந்த விடுதிக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே இருந்த ழாக் கிளாஸ்மன், கிறிஸ்தொஃப் ரொபேர், புருசாகா மூவருமே அவரோடு முன்பு ஒரே அணியில் ஆடிய பழைய சகாக்கள். புருசாகா 1986 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்கு வெற்றி கோல் அடித்தவர். நாளைக்கு மெதுவாக ஆடுங்கள், பணம் வரும் என்பதுதான் சேதி. கிளாஸ்மன் முடியாது என்று சொல்லிவிட்டு, தம் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னார். மறுநாள் ஆட்டத்தின் இடைவேளையில் நடுவரிடமும் புகார் போயிற்று. மர்சேய் 1-0 என்று வென்றது. ஆறு நாள் கழித்து மூனிக்கில் பசீல் போலி தலையால் முட்டிய கோலில் மிலானையும் வென்றது. ஐரோப்பியக் கோப்பையைப் பிரெஞ்சு அணி ஒன்று கைப்பற்றியது அதுவே முதல் தடவை. நாடே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. தெஷாம்ப், தெசாயி, பார்த்தெஸ் மூவரும் அன்று மர்சேய் அணியில் இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து உலகக் கோப்பையைத் தூக்கியவர்களும் அவர்களே.

ஜூன் மாதம், ரொபேரின் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரு உறை கிடைத்தது. உள்ளே 2,50,000 பிராங்க். அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 14 லட்சம் ரூபாய். வலான்சியென் அரசு வழக்கறிஞர் எரிக் தெ மொங்கோல்ஃபியே பிடியை விடவில்லை. மர்சேயின் லீக் பட்டம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் ஆட அனுமதி இல்லை. 1994-இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மூனிக்கில் வென்ற கோப்பையை மட்டும் யாரும் திருப்பி வாங்கவில்லை.

விசாரணையின்போது இன்னொரு கூத்தும் நடந்தது. வலான்சியென் பயிற்சியாளர் பிரிமொராட்ஸ், ஜூன் 17 அன்று தாப்பி தம்மை அலுவலகத்துக்கு அழைத்துப் பழியை ஏற்கும்படி கேட்டதாகச் சாட்சி சொன்னார். உடனே முன்னாள் மந்திரி ழாக் மெலிக் எழுந்து, அந்த வேளையில் தாப்பி என்னோடு இருந்தார் என்றார். அது பொய் என்று பிறகு நிரூபணமாகி, மெலிக்கும் தண்டனை பெற்றார். 1995-இல் நீதிமன்றத்தில் நின்ற தாப்பி, பொய் சொன்னதைத் தாமே ஒப்புக்கொண்டார். மேல்முறையீட்டில் இரண்டு வருடத் தண்டனை, அதில் எட்டு மாதம் சிறை. 1997-இல் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார்.

நான் அடுக்கி வைத்துப் படித்தபோது தெரிந்த தொடர்பு இதுதான். பெரெகொவுவாவுக்குப் பணம் வந்தது நண்பர் கொடுத்த கைமாற்றாக. வலான்சியென் விடுதிக்கு வந்தது பழைய சகா செய்த தொலைபேசியாக. மெலிக்கின் பொய்ச் சாட்சி நண்பருக்குச் செய்த உபகாரம். முகமூடி போட்டுக்கொண்டு வந்தவன் நெய்யியில் மட்டும்தான். மற்ற மூன்று இடத்திலும் வந்தவர் தெரிந்த முகம், தோளில் கைபோட்டுப் பேசக்கூடிய முகம்.

அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் ஊரிலும் இதே கதைதான். லஞ்சம் என்று பெயர் சொல்லிக்கொண்டு எவரும் மேசைக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. பள்ளியில் ஒன்றாகப் படித்தவர் வருவார், சம்பந்தி வருவார், உன்னால் முடியாததா என்று கேட்பார். அந்நியரிடம் முடியாது என்று சொல்ல விதிமுறை போதும். தெரிந்தவரிடம் சொல்லத்தான் நெஞ்சு வேண்டும். முடியாது என்று சொன்னால், மனிதத்தன்மை இல்லாதவன் என்று பெயர் வரும், உறவு கெடும்.

கிளாஸ்மனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. பட்டம் போனதற்கு அவர்தான் காரணம் என்று பல மைதானங்களில் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். பணம் கொடுத்தவர்மேல் வராத கோபம், அதை வேண்டாம் என்றவர்மேல் வந்தது. பெரிய அணி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. கடைசியில் ரெயூனியோன் தீவுக்குப் போய் ஆடினார். நம் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள், ‘மலபார்’ என்ற பெயரோடு இன்றும் வாழும் தீவுதான் அது. 1995-இல் உலகக் கால்பந்து சம்மேளனம் அவருக்கு நேர்மைக்கான விருதைக் கொடுத்தது. அதைப் பிரான்சில் கொண்டாடியவர்கள் சொற்பம்.

தாப்பியின் கதையோ வேறு. ஊழல் அம்பலமான பிறகு நடந்த 1994 ஐரோப்பியத் தேர்தலில், அவர் தலைமையிலான பட்டியலுக்கு நூற்றுக்கு 12 ஓட்டுக்கு மேல் விழுந்தது. சிறைக்குப் பிறகு நாடக மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்தார். 2021 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தபோது, உடலை மர்சேய் விளையாட்டரங்கில் வைத்து ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஏழைகள் நிறைந்த ஒரு துறைமுக நகரத்துக்கு வேறு யாரும் தராத பெருமையை அவர் தந்தார். அது பொய்யல்ல. அந்தப் பெருமைக்காக அவர் செய்ததையெல்லாம் மன்னித்தார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் திருக்குறளை நான் முறையாகப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். ‘மானம்’ 97-ஆம் அதிகாரம், ‘நாணுடைமை’ 102-ஆம் அதிகாரம். பெரெகொவுவாவை முதலாவதில் வைக்கலாம். தாப்பிக்கு இரண்டாவதைப் படித்துக் காட்டியிருக்கலாம். இவை இரண்டுக்கும் நடுவே, 99-ஆவதாக, ‘சான்றாண்மை’ இருக்கிறது. அங்கே வைக்க வேண்டியவர் கிளாஸ்மன். அவர் உயிரையும் விடவில்லை, ஊரையும் ஏமாற்றவில்லை. பழைய சகா கேட்டதற்கு முடியாது என்று சொன்னார், சொன்னதிலிருந்து மாறவும் இல்லை, அவ்வளவுதான். ஆட்டத்தை விட்ட பிறகு, கால்பந்து வீரர்களின் சங்கத்தில் சேர்ந்து, அணி கிடைக்காமல் தவிக்கும் ஆட்டக்காரர்களுக்கு உதவும் வேலையைப் பார்த்தார். 1998-இன் கொண்டாட்டத்தைப் பேசும்போது, இந்த மனிதரின் பெயரையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லுங்கள்.