கடல்சார் இடத் திட்டமிடல்: பாதுகாப்புக்கும் வாழ்வாதாரத்துக்கும் ஒரே வரைபடம்

மீன்பிடித்தல், கப்பல் போக்குவரத்து, துறைமுகம், எரிவாயு அகழ்வு, சுற்றுலா, காற்றாலை எனக் கடலை நாடும் துறைகள் பெருகி வருகின்றன. இவற்றுள் எதனை எங்கே, எப்போது அனுமதிப்பது, எந்தப் பகுதியைத் தீண்டாமல் விடுவது என்பதை ஒருங்கே தீர்மானிக்கும் நடைமுறையே ‘கடல்சார் இடத் திட்டமிடல்’ எனப்படுகிறது. இந்தியாவும் நார்வேயும் 2019-ஆம் ஆண்டு செய்துகொண்ட புரிந்துணர்வைத் தொடர்ந்து, புதுச்சேரியும் லட்சத்தீவும் இதற்கான முன்னோடிக் களங்களாகத் தேர்வு செய்யப்பட்டன. புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ், சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இப்பணியை மேற்கொள்கிறது.

சூழலமைப்பே அடிப்படை

நிலத்தில் எல்லை வகுத்து வேலி இடலாம். கடலில் அது இயலாது. நீரோட்டம் மணலையும் மாசையும் மீன் முட்டைகளையும் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்கிறது. எனவே ஓரிடத்தில் அளிக்கப்படும் அனுமதியின் விளைவு வேறோர் இடத்தில் வெளிப்படக்கூடும்.

புதுச்சேரியே இதற்குச் சான்று. 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதனால் தடைப்பட்டது. நகரின் மணற்பரப்பு மறைந்து, கருங்கல் அரணே எஞ்சியது. அரிப்பு வடக்கே பரவி, எல்லைக்கு அப்பால் தமிழகத்தின் மீனவக் கிராமங்களையும் எட்டியது. பின்னாளில் கடலடியில் செயற்கைத் தடுப்பு அமைத்து, மணலையும் நிரப்பிய பிறகே கடற்கரையின் ஒரு பகுதி மீண்டது.

லட்சத்தீவின் நிலை வேறு. அங்குள்ள 36 தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பவளப்பாறைகள் சூழ்ந்த ஆழமற்ற காயல்களின் பரப்போ சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். அத்தீவுகளின் முதன்மைத் தொழில், கழியில் கட்டிய தூண்டிலால் சூரை மீன் பிடிப்பது. சூரையை ஈர்ப்பதற்கான உயிருள்ள சிறு இரைமீன்கள் இக்காயல்களிலேயே பிடிக்கப்படுகின்றன. பவளம் சிதைந்தால் இரைமீன் குறையும். அது குறைந்தால் ஆழ்கடல் மீன்பிடிப்பும் நலியும். ஆகவே அங்கு பவளப்பாறைகளைக் காப்பதும் தொழிலைக் காப்பதும் ஒன்றே.

இடமும் காலமும்

திட்டமிடல் என்பது நிரந்தரத் தடை மட்டுமன்று. பருவத்தைக் கருதிய கட்டுப்பாடும் அதில் அடங்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தைக் கருதி, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. ஒடிசாவில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கூடும் தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டிய கடற்பகுதியில், நவம்பர் 1 முதல் மே 31 வரை ஏழு மாதங்கள் தடை விதிக்கப்படுகிறது. ஆமைகளுக்கு இது அரண். அதே கடலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கோ வருவாய் இழப்பு. இச்சுமையை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் திட்டம் விடை கூற வேண்டியுள்ளது.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு இதில் முக்கிய முன்னுதாரணம். மீன்பிடித்தலுக்கு முற்றிலும் இடமளிக்காத பகுதி அங்கு 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2004-ஆம் ஆண்டின் மறுவகைப்பாட்டில் அது சுமார் 33 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னர் பொதுமக்களிடமிருந்து 31,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் பெறப்பட்டன.

இந்தியாவின் சவால்

இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான மீன்வளம் மாநிலங்களின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசின் அதிகாரம். துறைமுகம், எரிசக்தி, வனம், மீன்வளம் ஆகியவற்றைத் தனித்தனி அமைச்சகங்கள் கவனிக்கின்றன. மீனுக்கோ நீரோட்டத்துக்கோ இப்பிரிவுகள் பொருந்துவதில்லை.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ‘பார்’ எனத் தமிழ் மீனவர்கள் அழைக்கும் கடலடிப் பாறைத்திட்டுகளும், தலைமுறைகளாக வலை வீசும் இடங்களும் பெரும்பாலும் அனுபவ அறிவாகவே நிலைத்துள்ளன. செயற்கைக்கோள் படத்தில் அவை வெற்று நீர்ப்பரப்பாகவே தோன்றும். அவற்றைப் பதிவு செய்யாமல் வரையப்படும் வரைபடம், புதிய திட்டங்களுக்குக் ‘காலியிடம்’ காட்டும் ஆவணமாகிவிடும். மீனவர்களை உடன் அமர்த்தி வரையப்படுவதே கடலையும் கடலை நம்பியோரையும் ஒருங்கே காக்கும்.