கலைந்த பின் வந்த கைதட்டல்

ஹெய்ட்டி நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. மந்திரவாதி செத்தவனை எழுப்பி வேலை வாங்குவானாம். அப்படி எழுந்து நடமாடும் பிணத்துக்கு 'ஜாம்பி' என்று பெயர். 1961-ல், லண்டனுக்கு வடக்கே ஸெயிண்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் பள்ளிப் பையன்கள் சிலர் பாட்டுக் கோஷ்டி ஒன்று ஆரம்பித்து, அதற்கு 'ஜாம்பீஸ்' என்று பெயர் சூட்டினார்கள். கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம்!

1964-ல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு, 'ஷீஸ் நாட் தேர்', அமெரிக்காவில் இரண்டாம் இடம்வரை ஏறிற்று. எழுதிய ராட் ஆர்ஜெண்டுக்கு அப்போது வயது 19. அப்புறம் பெரும்பாலும் இறங்குமுகந்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள். பாட்டு எழுதியவருக்கு ராயல்டி தனியாக வரும். ஆர்ஜெண்டும் கிறிஸ் ஒயிட்டும் எழுதினார்கள்; அவர்களுக்குக் கவலையில்லை. பாடகர் கோலின் பிளன்ஸ்டோன் உள்ளிட்ட மற்ற மூவருக்கும் கச்சேரிக் காசுதான் கதி. ஐவருக்கும் மேடை ஒன்று, கைதட்டல் ஒன்று. சட்டைப் பை மட்டும் வேறு வேறு. கச்சேரிகள் குறையவே, மூவரும் தவித்துப் போனார்கள்.

பிரிவதற்கு முன்பு, 1967-ல், கடைசியாக ஓர் ஆல்பம் பதிவு செய்தார்கள். கம்பெனி கொடுத்த ஆயிரம் பவுன் போதவில்லை. ஸ்டீரியோ வேலைக்கு ஆர்ஜெண்டும் ஒயிட்டும் கைக்காசைப் போட்டார்கள். 'டைம் ஆஃப் தி ஸீஸன்' பாட்டின்போது, இப்படிப் பாடு, அப்படிப் பாடு என்று ஆர்ஜெண்ட் திருத்திக்கொண்டே இருந்தார். அப்படியானால் நீயே வந்து பாடேன் என்று சீறிவிட்டார் பிளன்ஸ்டோன். பாவம், அவர் மனநிலை எனக்குப் புரிகிறது. அட்டையில் 'ஒடிஸி' என்ற சொல்லைக்கூட ஓவியர் எழுத்துப் பிழையோடு எழுதிவைத்தார்.

வருஷக் கடைசியில் கோஷ்டி கலைந்தது. பிளன்ஸ்டோன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவானார்.

1969-ல், சண்டை போட்டுப் பதிவான அதே பாட்டு, அமெரிக்காவில் மூன்றாம் இடத்துக்கு வந்தது! வாருங்கள், வாருங்கள் என்று அழைப்பு. ஆர்ஜெண்டும் ஒயிட்டும் புதுக் கோஷ்டி வேலையில் இறங்கியிருந்தார்கள், மறுத்துவிட்டார்கள். அமெரிக்கக் காண்டிராக்டர்கள் சும்மா இருப்பார்களா? டெக்ஸாஸ் ஆசாமிகள் நால்வரை 'ஜாம்பீஸ்' என்று மேடை ஏற்றினார்கள். அசல் கோஷ்டிக்கு உயிர்நாடியே ஆர்ஜெண்டின் பியானோ. போலியில் பியானோக்காரரே கிடையாது! அந்த நால்வரில் இருவர் பிற்பாடு 'இஸட் இஸட் டாப்' கோஷ்டியில் உலகப் புகழ் பெற்றார்கள்.

அசல் ஆட்கள் அந்த ஆல்பத்தை முழுவதுமாக மேடையில் வாசித்தது 2008-ல்தான், லண்டனில். கிதாருக்கு வேறொருவர் வந்திருந்தார். பழைய கிதார்க்காரர் பால் அட்கின்ஸன் 2004-ல் காலமாகிவிட்டார்.