பீப் சத்தத்துக்குப் பின்னால் சுஜாதா

2024 ஏப்ரல் 19, மயிலாப்பூரில் ஒரு ஸ்கூல் வகுப்பறை. வெயில், வரிசை, விரலில் மை. நீல பட்டனை அமுக்கினேன், நீளமாக ஒரு பீப். வெளியே வந்ததும் ஃப்ரெண்ட் கேட்டான்: "இந்த மெஷினைச் செஞ்சதுல எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்கு உண்டாமே, நிஜமா? இல்ல, வாட்ஸ்அப் கதையா?"

நிஜம்தான். ஆனா அவரைப் பத்தி வாட்ஸ்அப்பில் சுத்துற மத்த விஷயங்கள் எல்லாம் அப்படி இல்லை. அதனாலதான் இந்த எபிசோட்.

எஸ்.ரங்கராஜன், 1935 மே 3, திருவல்லிக்கேணியில் பிறந்தவர். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் இயற்பியல். அங்கே கூடப் படித்தவர் அப்துல் கலாம். அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். முதல் வேலை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, டெல்லியில். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அதாவது பெல். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் எழுதிக்கிட்டிருந்ததால, குழப்பம் வேண்டாம்னு மனைவி பெயரையே புனைபெயரா வச்சுக்கிட்டார்.

இப்ப 'தீர்க்கதரிசி' விவகாரத்துக்கு வருவோம். 1986-ல் வந்த 'விக்ரம்' படத்தில் 'அக்னிபுத்ரா'ன்னு ஒரு ஏவுகணை. நிஜ அக்னி பறந்தது 1989-ல். "பார்த்தீங்களா, அன்னிக்கே சொன்னார்!" சரிங்க, ஆனா இந்தியாவின் ஏவுகணைத் திட்டம் 1983-லேயே ஆரம்பிச்சாச்சு. பாதுகாப்புத் துறைக்குக் கருவிகள் செய்ற நிறுவனத்தில் வேலை பார்த்த மனுஷன் அவர். அவருக்கு ஜோசியம் தேவைப்படலை, செய்தித்தாளே போதும்.

'என் இனிய இயந்திரா'வையும் இப்படித்தான் சொல்றாங்க. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, அப்புறம் தூர்தர்ஷனிலும் வந்த கதை. 2021-ம் வருஷம். இந்தியாவை ஜீவாங்கிற தலைவர் ஆள்றார். எல்லாருக்கும் எண் உண்டு, பேர் ரெண்டெழுத்துதான், குழந்தை பெத்துக்க அரசு அனுமதி வேணும். நிலாங்கிற பெண்ணோட கணவன் காணாமப் போறான். துணைக்கு வர்றது ஜீனோ, புத்தகம் படிக்கிற ஒரு இயந்திர நாய். 2021 வந்தப்போ 'எது பலிச்சது, எது பலிக்கலை'ன்னு நிறைய பேர் பட்டியல் போட்டாங்க. எனக்கு அந்தப் பட்டியல் முக்கியமாப் படலை. கதையோட முடிச்சு வேற: ஜீவான்னு ஒரு ஆளே இல்லை, அது வெறும் ஹோலோகிராம் பிம்பம். மக்கள் நம்பிக்கை வச்சது ஒரு பொய் மேல. (இன்னும் படிக்காதவங்க மன்னிக்கணும், முப்பது வருஷம் டைம் கொடுத்தாச்சு.)

இதை எழுதினவரோட பகல் வேலை என்ன? மக்கள் நம்பணும்னு ஒரு மெஷின் செய்றது. பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கின குழுவுக்குத் தலைமை தாங்கினவர்களில் ஒருவர் அவர். ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். நிறுவனத்துக்கும் இதில் சம பங்கு உண்டு, தனி ஆள் கண்டுபிடிப்புன்னு சொல்றது தப்பு. மெஷினோட அழகு அதன் எளிமையில இருக்கு. கரன்ட் இல்லாத கிராமத்திலும் பேட்டரியில் ஓடும். எந்த நெட்வொர்க்கிலும் சேராது. ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு அஞ்சு ஓட்டுக்கு மேல வாங்காமத்தான் இருந்தது. ஏன் அஞ்சு? வாக்குச்சாவடியைப் பிடிச்சுக்கிட்டுக் கள்ள ஓட்டுக் குத்துறவனோட கையைக் கட்டத்தான். நம்ம ஊர் திருட்டுத்தனம் தெரிஞ்சவங்க போட்ட டிசைன் அது.

ஆனா மெஷின் ஜெயிக்க ரொம்ப நாளாச்சு. 1982-ல் கேரளா பறவூரில் முதல் சோதனை. வித்தியாசம் 123 ஓட்டு, தோத்தவர் கோர்ட்டுக்குப் போனார். 1984-ல் உச்ச நீதிமன்றம் 'சட்டத்தில் இதுக்கு இடமில்லை'ன்னு சொல்லிடுச்சு; மெஷின் வச்ச சாவடிகளில் மறுபடி சீட்டில் ஓட்டு, முடிவே மாறிப்போச்சு. 1988 டிசம்பரில்தான் சட்டத்தைத் திருத்தினாங்க. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல், நாடு முழுக்க 2004. ஒரு கருவி வேலை செய்றதும் ஜனங்க அதை ஏத்துக்கிறதும் வேற வேற வேலைன்னு அந்த இருபது வருஷம் காட்டுது. சந்தேகம் இன்னிக்கும் ஓயலை, கேக்கிறதும் தப்பில்லை. இப்ப கண்ணாடிக்குப் பின்னால ஏழு செகண்ட் தெரியிற சீட்டு அப்படிக் கேட்டதால வந்ததுதான்.

ரிட்டயர் ஆனதும் சென்னைக்கே வந்துட்டார், மயிலாப்பூர் வாசம், மெரினாவில் நடை. அம்பலம்னு ஒரு இணைய இதழை நடத்தினார், இங்கே பல பேர் மோடம் சத்தம்கூடக் கேட்டிராத காலத்தில். ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?'ன்னு வாசகர் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்தான், என்னைக் கேட்டா, அவரோட பெரிய வேலை. நாவல்கள்ல அவசரம் தெரியும், பெண்களை வர்ணிக்கிற இடங்கள் இன்னிக்குப் படிச்சா நெளிய வைக்கும். அறிவியலை விளக்கும்போது மட்டும் அவசரமே இருக்காது.

இன்னொரு ஆளும் இந்த மாதிரிதான். ஆர்தர் சி. கிளார்க். இரண்டாம் உலகப் போரில் விமானங்களைத் தரையிறக்குற ரேடாரில் வேலை, 1945-ல் செயற்கைக்கோள் வழியா தகவல் தொடர்பு பத்திக் கட்டுரை, 1956-லிருந்து இலங்கை வாசம். ரெண்டு பேருமே வானத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கிட்டு, அப்புறம் கதை எழுதினவங்க. 2008 பிப்ரவரி 27 அன்னிக்கு சுஜாதா சென்னையில் காலமானார். சரியா மூணு வாரம் கழிச்சு, மார்ச் 19, கொழும்பில் கிளார்க்.

சுஜாதா வேலை பார்த்த 'எந்திரன்' வந்தது 2010-ல், அவர் பார்க்கலை. சிட்டி ரோபோவை உங்களுக்குத் தெரியும். ஜீனோவைத் தெரியாதுன்னா, இந்த வாரக் கடைசியில் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் கேட்டுப் பாருங்க.