பதிப்புப் பூட்டின் வரலாறு

1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மென்பொருள் பொறியியல் மாநாட்டில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், தொழிற்சாலை உறுப்புகளைப் போலவே மென்பொருள் உறுப்புகளும் பெருமளவில் உருவாக்கப்பட்டு எவரும் எடுத்தாளும் வகையில் கிடைக்க வேண்டும் என்று வாதிட்டார். இணையத்தின் வரவுக்குப் பின் அக்கருத்து நடைமுறையாயிற்று. 1995இல் பெர்ல் மொழிக்கான சீபேன் களஞ்சியம் திறக்கப்பட, பிற மொழிகளும் தத்தம் களஞ்சியங்களை அமைத்துக்கொண்டன.

ஒரு மென்பொருள் தான் இயங்குவதற்குப் பிறர் எழுதிய நிரல்தொகுப்பை நம்பியிருப்பதைச் சார்பு என்பர். அத்தொகுப்பு வேறு சிலவற்றையும், அவை இன்னும் பலவற்றையும் சார்ந்திருப்பதால், சில தொகுப்புகளை மட்டுமே நேரடியாகக் கேட்கும் திட்டத்திலும் நூற்றுக்கணக்கானவை வந்து சேர்வதுண்டு. இவற்றின் மாற்றங்களை ஒழுங்குபடுத்த, கிட்ஹப் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த முறை, பதிப்பெண்ணை மூன்று பகுதிகளாக்கியது: பழைய பயன்பாட்டை முறிக்கும் மாற்றத்துக்கு முதற்பகுதியும், புதிய வசதிக்கு இரண்டாவதும், பிழைத்திருத்தத்துக்கு மூன்றாவதும் உயரும். இம்முறையை நம்பி, ‘2.3 முதல், 3க்குக் கீழ்’ என வரம்பை மட்டும் குறிப்பிட முடிந்தது. ஆனால் பதிப்பெண் என்பது ஆசிரியர் தரும் வாக்குறுதியே ஆதலால், அது தவறியபோது, நேற்று இயங்கிய மென்பொருள் ஒரு வரியும் மாற்றப்படாமலேயே இன்று முறிந்தது.

2010இல் ரூபி மொழிக்காக வெளிவந்த பண்ட்லர் 1.0 என்னும் கருவி, தேவையையும் தீர்வையும் இரு கோப்புகளாகப் பிரித்து இச்சிக்கலைத் தீர்த்தது. முதற்கோப்பில் நிரலாளர் வரம்புகளை எழுத, அவை அனைத்துக்கும் பொருந்தும் பதிப்புகளைக் கணித்து, ஒவ்வொன்றின் துல்லியமான எண்ணையும் கருவியே பூட்டுக்கோப்பில் பதிகிறது. அதை மூலநிரலுடன் சேர்த்து வைத்தால் எல்லாக் கணினிகளிலும் அதே பதிப்புகளே நிறுவப்படும். பண்ட்லரை உருவாக்கிய யெஹுதா காட்ஸும் கார்ல் லெர்ச்சும் பின்னர் ரஸ்ட் மொழியின் கார்கோ கருவியையும் வடிவமைத்ததால், இம்முறை அங்கும் வேரூன்றியது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2016 அக்டோபரில் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய யார்ன் இதை நிலைநாட்ட, 2017இல் அம்மொழியின் களஞ்சியமும் அதற்கான கருவியுமான என்பிஎம்மின் 5ஆம் பதிப்பு பூட்டுக்கோப்பைத் தானாகவே எழுதத் தொடங்கியது.

பூட்டின் எல்லையும் இதே காலத்தில் தெளிவாயிற்று. 2016 மார்ச்சில், 11 வரிகளே கொண்ட லெஃப்ட்-பேட் தொகுப்பை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கியதும், அதைச் சார்ந்திருந்த பேபல் உள்ளிட்ட பெருந்திட்டங்களை நிறுவ முடியாமற்போனது. எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைப் பூட்டு சொல்லுமேயன்றி, அது களஞ்சியத்தில் நிலைத்திருக்கும் என உறுதியளிக்காது. இதன்பின் தொகுப்பை விலக்கும் விதிகளை என்பிஎம் கடுமையாக்கியது. தரவிறங்கிய தொகுப்பு மாற்றப்படாதது என்பதை உறுதிசெய்ய, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஹாஷ் மதிப்பும் பூட்டுக்கோப்புகளில் இடம்பெறலாயிற்று.

2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் தொகுப்பின் புதிய பதிப்பு வழியாகப் பிட்காயின் திருடும் நிரல் நுழைந்தபோது, முந்தைய பதிப்பில் பூட்டியிருந்த திட்டங்கள் தப்பின. 2021 டிசம்பரில் ஜாவாவின் லாக்4ஜே தொகுப்பில் கடும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோதோ, பழைய பதிப்பிலேயே நின்ற திட்டங்கள்தாம் ஆபத்துக்கு உள்ளாயின. அப்போது நிறுவனங்கள் முதலில் எதிர்கொண்ட கேள்வி, அத்தொகுப்பு தம் மென்பொருளுக்குள் எங்கேனும் உள்ளதா என்பது. துல்லியமான பதிவு வைத்திருந்தவர்களால் அதற்கு விரைந்து விடை காண முடிந்தது. ஆகவே பூட்டிவிட்டு மறந்துவிடுவதும் பூட்டாமல் விடுவதும் ஒருசேரத் தீங்கானவை. ஒவ்வொரு புதுப்பிப்பும் பூட்டுக்கோப்பில் வெளிப்படையான மாற்றமாகத் தோன்றி, சோதனைக்கும் சக நிரலாளரின் ஆய்வுக்கும் உட்பட்ட பின்னரே ஏற்கப்படும் நடைமுறையே இவ்வரலாறு ஈட்டித்தந்த பயன்.